காயமில்லாத பிளாஸ்திரி

அம்மா ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் அறையில் நர்ஸ். பகலெல்லாம் அடுத்தவர் காயத்தைப் பிரிப்பதும் துடைப்பதும் கட்டுவதுமாக இருக்கிற கை, வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. அன்று சாயங்காலம் தம்பி சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்ததுமே அவன் இடது ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லம்மா. கட்டர் பட்டுடுச்சு."

"மருந்து போட்டியா, இல்ல அப்படியே ஒட்டிட்டியா? காட்டு."

அவன் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனான். அம்மாவிடமா நடக்கும்? அழுகிற குழந்தைகள், உதறுகிற குடிகாரர்கள், வீராப்பு பேசுகிற போலீஸ்காரர்கள் என்று எல்லாருடைய மணிக்கட்டையும் பிடித்துப் பழகியவள். பிடித்தாள், ஒரே இழுப்பில் பிய்த்தாள். உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. அவ்வளவுதான். ஒரு கீறல் கூட இல்லை. கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பது போல அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காயம் எங்கடா?"

எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "விடும்மா. மோதிரம் வாங்கித் தரலைல்ல, அதான் பிளாஸ்திரி போட்டுக்கிட்டான்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதையும் தன் தொழிலோடு முடிச்சுப் போடாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "காயம் வர்றதுக்கு முன்னாடியே ஒட்டி வெச்சிருக்கான் பாரு. இவன மாதிரி முன்ஜாக்கிரதையா ஒரு ஆளு எங்க கம்பெனியில இருந்தா, ஒரு லிஃப்டும் நடுவுல நிக்காது."

மூன்று பேரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. தட்டில் பாதி சாப்பாட்டையும் முழுசாக ஒரு முட்டையையும் விட்டுவிட்டு எழுந்து போனான். அவன் முட்டையை மிச்சம் வைத்து அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் படிக்கிற இடத்தில் பிளாஸ்திரிக்கு என்ன அர்த்தம் என்பது அந்த மேசையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை. அக்கா கட்டடக்கலையில் கடைசி வருஷம், தம்பி முதல் வருஷம். அவன் அங்கே போய்ச் சேர்ந்ததே இவளால்தான். இருவரும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, அக்கா இந்தச் சாப்பாட்டு மேசையில் கெட்டி அட்டையை வெட்டி வீடு வீடாகக் கட்டிக்கொண்டிருப்பாள். அவன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, விழுகிற துண்டுகளைப் பொறுக்கி விரல் நீளத்தில் நாற்காலி செய்வான், படிக்கட்டு செய்வான். அட்டையைக் கடித்து வளைப்பான் என்பதால் அக்கா அவனுக்கு எலி என்று பேர் வைத்தாள். பேர் நிலைத்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் படிப்பு என்று உறவுக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டபோது, "அக்கா படிக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டான். அதைக் கேட்டு அக்கா அன்றைக்கெல்லாம் தரையில் நடக்கவில்லை.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருஷத்துக்காரர்கள் முதல் செமஸ்டர் முடிவில் ஒரு முழுக் கட்டடத்தை அட்டையில் செய்து வைக்க வேண்டும். அதற்கு மாடல் என்று பேர். தனி ஆளாக முடிக்கிற வேலையில்லை. அதனால் முதல் வருஷத்துப் பிள்ளைகளை ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பிரித்துக்கொள்வார்கள். அப்படிப் பிரித்து எடுத்த பிள்ளைக்குக் 'கை' என்று பேர். "என் கை இன்னும் வரலையே" என்பார்கள். "உன் கையைக் கொஞ்சம் அனுப்பு" என்பார்கள். கை ஸ்டூலில் உட்காரக் கூடாது, தரைதான். சார், மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். போ என்று சொல்லும்வரை போகக் கூடாது. அளவு தப்பாக வெட்டினால், மாடல் செய்கிற கூடமான ஸ்டூடியோவின் நடுவில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, "நான் ஒரு மட்டமான கை" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கட்டர் வழுக்கினாலும் அட்டையில் ரத்தம் படக் கூடாது. முதல் வருஷத்துப் பிள்ளைகளின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். ஆளுக்கு ஒரு பிளாஸ்திரியாவது இருக்கும். பழையது உரிவதற்குள் புதியது வந்துவிடும்.

இதை யாரும் ராகிங் என்று சொன்னதில்லை. ராகிங் என்பது அடிப்பது, சட்டையைக் கழற்றச் சொல்வது, ஹாஸ்டல் அறையில் பூட்டி வைப்பது. ராகிங் தடுப்புப் போஸ்டரில் அதெல்லாம்தானே இருக்கிறது? இது தொழில் பழகுவது. பேராசிரியர்களும் ஒரு காலத்தில் கையாக இருந்தவர்கள்தான். அந்தப் போஸ்டரை வரைந்ததே அக்காதான். ராகிங் தடுப்புக் கமிட்டியில் மாணவர் உறுப்பினர் அவள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். போஸ்டரின் நடுவில் ஒரு பெரிய சிவப்பு உள்ளங்கை, சுற்றிலும் அந்தப் பட்டியல், கீழே கொட்டை எழுத்தில் புகார் எண். ஸ்டூடியோவின் கதவுக்குப் பக்கத்திலேயே அதை ஒட்டியிருந்தார்கள். கைகள் அதைக் கடந்துதான் தினமும் உள்ளே போய்த் தரையில் உட்காரும்.

தம்பி சேர்ந்த வாரமே அக்கா தன் சிநேகிதியைத் தேநீர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளை வகுப்பே கேப்டன் என்றுதான் கூப்பிடும். யாருக்கு எந்தக் கை என்று பிரித்துக் கொடுப்பவள் அவள்தான்.

"என் தம்பிய மட்டும் விட்டுடு. அவனுக்கு ரொம்பச் சீக்கிரம் மூஞ்சி சுண்டிப் போயிடும்."

"உன் தம்பின்னா எனக்கும் தம்பிதான். அவன எவளும் தொட மாட்டா, எவனும் தொட மாட்டான்."

கேப்டன் சொன்னால் சொன்னதுதான். அன்று மாலையே ஸ்டூடியோவில் கைதட்டி எல்லாரையும் நிறுத்தி, "அதோ நிக்கறானே, கமிட்டி மேடத்தோட தம்பி. அவன் மேல ஒரு விரல் படக் கூடாது" என்று அறிவித்தாள். அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கூடப் பிறந்ததுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எதற்குக் கழுத்தில் அட்டை? அவளுக்குக் கிடைத்த கை சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி. சுருட்டை என்றே கூப்பிட்டாள். தன் கையை அக்கா நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள். டீ வாங்கித் தருவாள். ஸ்டூலில் ஏற்ற மாட்டாள், திட்டக்கூட மாட்டாள்.

பிளாஸ்திரி பிய்ந்த மறுநாள் மதியம் அக்கா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் முதல் மாடி ஜன்னலில் நின்று கீழே பார்த்தாள். ஸ்டூடியோவுக்குப் பின்னால் அகலமான படிக்கட்டு ஒன்று இருக்கிறது. முதல் வருஷத்துப் பிள்ளைகள் அங்கேதான் சாப்பிடுவார்கள். ஒரே இரைச்சல். யார் நேற்று ஸ்டூல் ஏறினார்கள், எந்த சார் எதற்குக் கத்தினார், யார் விரலில் எத்தனை வெட்டு என்று விரலை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி டப்பாவோடு வந்தான். விரலில் புதுப் பிளாஸ்திரி. அவன் கடைசிப் படியை நெருங்கியதும் இரைச்சல் அடங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை, முறைக்கவில்லை. ஒருவன் தன் பையைக் காலி இடத்தில் நகர்த்தி வைத்தான். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள். தம்பி ஏதோ மறந்துவிட்டவன் போலத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி, தண்ணீர் மெஷின் பக்கம் போய் நின்றபடியே சாப்பிட்டான். அவன் போனதும் இரைச்சல் திரும்பவும் கிளம்பியது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் ஜன்னல்வரை வந்தது. "கமிட்டி ஒட்டுக் கேக்க வந்துச்சு, போயிடுச்சு."

அக்காவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டபோது, கீழே ஓடிப்போய் அந்தக் குரலின் காதைத் திருகலாமா என்றுதான் முதலில் தோன்றியது. மூத்த பிள்ளைகளுக்கே உள்ள வியாதி அது. பிறகு அப்படித் திருகினால் தம்பியின் கதி இன்னும் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, டப்பாவை மூடினாள்.

அன்று மாலை கமிட்டிக் கூட்டம். தலைவரான பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்த ஆண்டு இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். போஸ்டருக்காக அக்காவுக்குத் தனியாக ஒருமுறை தட்டினார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். தம்பிக்குப் பிடிக்குமே என்று ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். கதவைத் திறப்பதற்கு முன்பே அந்தக் குரல் கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்கிற குரல்.

"நான் ஒரு மட்டமான கை!"

நடு ஸ்டூடியோவில், ஸ்டூல் மேல், தம்பி. ஒரு கையில் கோணலாக வெட்டிய அட்டை. அறையே விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி வருஷத்துக்காரர்கள் மட்டுமில்லை, தரையில் இருந்த முதல் வருஷத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அக்காவால் தாங்க முடியாமல் போனது அந்தச் சிரிப்பு இல்லை. தம்பியின் முகம். அது ஜொலித்தது. பள்ளியில் முதல் பரிசு வாங்கிய அன்றுகூட அவன் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

கேப்டன் ஓடி வந்தாள். "நான் கூப்பிடலடி, சத்தியமா. அவனா வந்து, என்னையும் கையா சேத்துக்கோங்க மேடம்னு கெஞ்சினான். ஆசைப்படறான், நான் என்ன பண்ணட்டும்?"

அக்கா தன் மேசைப் பக்கம் திரும்பினாள், திரும்ப வேறு திசை இல்லாததால். அங்கே சுருட்டை தரையில் குனிந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். அறையில் அவள் ஒருத்திதான் நிமிரவில்லை. இடது கையில் டிஷ்யூ காகிதத்தைப் பந்து மாதிரி சுற்றியிருந்தாள். பந்து முழுக்கச் சிவப்பாகியிருந்தது. அந்தக் கையை அட்டைக்கு மேல் வராமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் ஸ்கேலை அழுத்தி, வலது கையால் கோட்டைக் கடைசிவரை இழுத்து முடித்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அட்டையில படல மேடம்" என்றாள்.

பல்கலைக்கழகத்து மருத்துவ அறை சாயங்காலம் மூடிவிடும். அக்காவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சுருட்டையை ஒரு பக்கமும் தம்பியை ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வீடு வந்து சேர்வதற்குள் கைக்குட்டையில் பிஸ்கட் தூள் தூளாகியிருந்தது.

அம்மா கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மேசை விளக்கை இழுத்து வைத்தாள், வெந்நீர் வைத்தாள், டிஷ்யூவை நனைத்து நனைத்து இழை இழையாகப் பிரித்தாள். கட்டை விரலின் அடியில் நீளமான வெட்டு.

"நல்லவேளை, நரம்புல படல. தையல் வேணாம். வலிக்குதா?"

"இல்ல ஆன்ட்டி."

"வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

"வலிக்குது ஆன்ட்டி."

"ம். பட்டவுடனே ஏம்மா நிறுத்தல?"

"பாதிக் கோட்டுல நிறுத்துனா அட்டை வீணாயிடும் ஆன்ட்டி. ரத்தம் பட்டாலும் வீணாயிடும்."

"யாரோட வேலை இது?"

"மேடத்தோடது."

அப்பா அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். "மேடமா? எந்த மேடம்?"

சுருட்டை தயங்கி அக்காவைப் பார்த்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவளா? காலையில பல்லு தேய்க்கவே நாலு தடவ எழுப்பணுமே, இந்த மேடமா?" அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிக்கொண்டார்.

"நான் இவள நல்லாத்தாம்மா பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. "டீ எல்லாம் வாங்கித் தர்றேன்."

"ஆமா ஆன்ட்டி" என்றாள் சுருட்டை அவசரமாக. பாவம், காப்பாற்றுவதாக நினைத்தாள். "எங்க மேடம் ரொம்ப நல்லவங்க. எனக்கு இவங்க கிடைச்சதுக்கு எல்லாரும் பொறாமைப்படறாங்க. என்ன ஸ்டூல் மேல ஏறவே விட்டதில்ல."

யாராவது அக்காவைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா கட்டைச் சுற்றி முடித்து, ஓரத்தை மடித்து ஒட்டினாள். அவள் கட்டுப் போட்டால் அவ்வளவு அழகாக இருக்கும். பிறகு அந்தக் கையைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்து என் பிள்ளை விரல்ல காயமில்லன்னு நான் நிம்மதியாத் தூங்கினேன். காயம் இங்க இருந்திருக்கு."

சுருட்டைக்கு அது புரியவில்லை. அவள் கண் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அங்கே தம்பியின் பழைய நாற்காலிகளும் படிக்கட்டுகளும் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது யாரு செஞ்சது?" என்றாள். "நான்தான்" என்றான் தம்பி. "சின்ன வயசுல. குப்பையிலேர்ந்து." அவள் அதற்கு ஏதோ சொன்னாள். அவன் ஏதோ சொன்னான். அந்தத் துறையில் அவன் வயதில் ஒருவர் அவனோடு பேசுவது அதுதான் முதல் தடவை என்று அக்காவுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? தன் வீட்டு ஜன்னலில் வைத்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

அம்மா வற்புறுத்திச் சாப்பிட வைத்தாள். அப்பா ஸ்கூட்டரில் சுருட்டையை ஹாஸ்டலில் விட்டுவரக் கிளம்பினார். அக்கா பாத்திரம் கழுவ, தம்பி துடைத்து அடுக்கினான். சின்ன வயதிலிருந்து அந்த வேலை அவர்களுடையது. பாதிச் சண்டைகளும் எல்லாச் சமாதானங்களும் அங்கேதான் நடந்திருக்கின்றன.

"நீ ஏண்டா போய் ஏறின?"

"எல்லாரும் சிரிச்சாங்கக்கா."

"அதான் கேக்கறேன், அதுக்கா ஏறின?"

"உனக்குப் புரியாது. இத்தனை வாரமா என்னைப் பாத்து எவனும் சிரிச்சதுகூடக் கிடையாது." ஒரு தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். "நான் வந்தா பேச்ச நிறுத்திடுவாங்க. பிளாஸ்திரி ஒட்டிப் பாத்தேன். அதுவும் எடுபடல. நான் எவ்வளவு வெட்டினாலும் நீ பின்னாடி நிக்கறது அவங்களுக்குத் தெரியும்."

"உன்னக் காப்பாத்தத்தானடா எலி..."

"தெரியும்க்கா. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. ஆனா என்ன மட்டும் விடச் சொன்ன பாரு." அவன் தட்டை வைத்தான். "அவங்களுக்கெல்லாம் அங்க அக்கா இல்ல. அவ்ளோதான் எனக்கும் அவங்களுக்கும் வித்தியாசம்."

அக்கா குழாயை மூடினாள்.

"நான் வேற காலேஜ் பாத்துக்கறேன்" என்றான் தம்பி மெதுவாக. "அம்மாகிட்ட நீயே சொல்லிடு. வேற ஏதாவது படிக்கறேன். இது எனக்கு வராதுன்னு சொல்லிடு."

மேசைக்கு அடியிலேயே வளர்ந்த பிள்ளை, இது எனக்கு வராது என்கிறான். அக்காவுக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கமிட்டித் தலைவரின் அறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கை என்றால் என்ன, யாருக்கு யார், ஸ்டூல், ரத்தம் எல்லாம். "முதல் பேரு என்னோடது சார்" என்று முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேத்துதானேம்மா புகாரே இல்லைன்னு கை தட்டினோம்?"

"ஆமா சார். நானும் தட்டினேன்."

அவர் தன் கட்டை விரலைப் பார்த்தார். அதில் ஒரு பழைய வெள்ளைத் தழும்பு. அந்தத் துறையில் படித்தவர்கள் எல்லாருக்கும் அங்கே ஒரு தழும்பு இருக்கும். "சாயங்காலம் வர்றேன்" என்றார்.

அதற்குள் கேப்டனிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தாள். முதல் வருஷத்தில் ஒரே மேசைக்கு அடியில் இரண்டு கைகளாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். ஒரே பிளாஸ்திரிச் சுருளைப் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டவர்கள்.

"பைத்தியமா உனக்கு?" என்றாள் கேப்டன். "இன்னும் கொஞ்ச நாள்ல மாடலைக் கொண்டுபோய் வெக்கணும். யாரு முடிப்பா? நாமளும்தான் கையா இருந்தோம். செத்தா போயிட்டோம்?"

"நீ பாத்ரூம்ல உக்காந்து அழுவ. நான் வெளிய காவல் நிப்பேன்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப இழுக்கற?"

"அன்னிக்கு நமக்கும் யாராவது ஒரு அக்கா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

கேப்டனின் முகம் ஒரு நொடி பழைய முகமாக மாறியது. அப்புறம் கெட்டியாகிவிட்டது. "உன் தம்பிக்குன்னு நீ கேட்டப்ப நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசினேனா? அதுக்கு இதான் மரியாதையா?" என்று சொல்லிவிட்டு வெட்டிக்கொண்டிருந்த அட்டைக்குத் திரும்பினாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சாயங்காலம் தலைவர் வந்து கதவருகில், சிவப்பு உள்ளங்கைப் போஸ்டருக்குப் பக்கத்தில், நின்றார். அக்கா ஸ்டூலின் மேல் ஏறினாள். எல்லாருக்கும் தெரிய வேண்டுமென்றால் அந்த அறையில் வேறு இடம் கிடையாது. ஸ்டூல் ஆடியது. பஸ்ஸில் வரும்போது பெரிய பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தாள். ஏறி நின்றதும் எல்லாம் மறந்துபோய், அந்த ஸ்டூலில் நின்றால் வருகிற வாக்கியம்தான் வாய்வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"என் தம்பியத் தொடாதீங்கன்னு சொல்லியிருந்தேன். அது தப்பு. எல்லாருக்கும்தான் கேட்டிருக்கணும். இனிமே என் மேசைக்குக் கை வேணாம். சுருட்டை, தரையிலேர்ந்து எழுந்திரும்மா. நீங்க எல்லாருமே எழுந்திருங்க. மாடல் வேலை கத்துக்கணும்னா பகல்ல வாங்க, ஸ்டூல்ல உக்காருங்க, நான் சொல்லித் தர்றேன். என் வேலைய நான் வெட்டிக்கறேன்."

யாரும் கை தட்டவில்லை. முதல் வருஷத்துப் பிள்ளைகள் எழுந்திருப்பதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதுவும் புதுவிதமான ராகிங்கோ என்று சந்தேகம். கடைசியில் தலைவர் தொண்டையைக் கனைத்து, "எழுந்திருங்கப்பா" என்றதும்தான் ஒவ்வொருவராக எழுந்து, கால் மரத்துப் போனவர்கள் நொண்டிக்கொண்டே, பையை எடுத்துக்கொண்டு போனார்கள். தம்பி கடைசியாகப் போனான். அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் அக்காவோடு பேச ஆளில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். பசை கேட்டால் டப்பா வரும், வார்த்தை வராது. கேப்டன் மேசையை வேறு மூலைக்கு நகர்த்திக்கொண்டாள். அக்கா தன் மாடலைப் பாதியாகக் குறைத்தாள். மதிப்பெண்ணும் குறையும் என்று வழிகாட்டி ஆசிரியர் சொன்னார், சரி சார் என்றாள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வெட்டினாள். அப்பா தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். ஒரு சாயங்காலம் கட்டர் வழுக்கி அவள் விரலைப் பதம் பார்த்தது. அம்மா பிளாஸ்திரி ஒட்டினாள். "இந்த வீட்டுல ஒருத்தருக்காவது ஒழுங்கா காயம் பட்டுச்சே" என்றாள். அவள் தன்னை மன்னித்துவிட்டாள் என்று அக்காவுக்கு அப்போது தெரிந்தது.

தம்பி வந்து ஸ்கேலைப் பிடித்தான்.

"தொடாத. போய்ப் படி."

"நான் ஒண்ணும் கையா வரல" என்றான். "இது நம்ம வீட்டு மேசை." ஆனாலும் ஸ்கேலை விட்டுவிட்டுக் கீழே குனிந்து, விழுந்திருந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். "குப்பைக்குமா கமிட்டிகிட்ட கேக்கணும்?"

"வேற காலேஜ்னு சொன்னியே?"

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. இந்த வாரம் பாக்கறேன்."

அடுத்த நாள் மதியம் அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஸ்டூடியோவில் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வேறு இடம் தெரியாமல் தண்ணீர் மெஷின் பக்கம் போய் நின்றாள். தம்பி இத்தனை வாரமும் நின்ற இடம். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. எதிரே படிக்கட்டில் முதல் வருஷத்துப் பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் சுருட்டை, கையில் அம்மா கட்டிய கட்டு கொஞ்சம் அழுக்கேறியிருந்தது. பக்கத்துப் படியில் யாருடையதோ ஒரு நீலப் பை.

தம்பி கட்டடத்திலிருந்து வெளியே வந்தான். விரலில் பிளாஸ்திரி இல்லை. தண்ணீர் மெஷின் பக்கம் நடந்தவன், அங்கே அக்காவைப் பார்த்ததும் நின்றான். இந்தப் பக்கம் வருவதா, அந்தப் பக்கம் போவதா? இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

வாடா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவான். இரண்டு பேரும் சேர்ந்து நின்று சாப்பிடலாம். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அக்கா சட்டென்று அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, டம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தாள். மெஷினின் எவர்சில்வர் முகப்பில் அவள் முகமும், அவளுக்குப் பின்னால் படிக்கட்டும் கோணல்மாணலாகத் தெரிந்தன. அதில் யார் எவர் என்று தெரியவில்லை. வெள்ளையாக ஒன்று, கட்டுப் போட்ட கையாக இருக்கலாம், மெல்ல நீண்டு நீலப் பையைத் தொட்டது. டம்ளர் நிரம்பி அவள் விரலில் வழிந்தது, பிளாஸ்திரி நனைந்தது. பை படியிலிருந்து நகர்ந்துகொண்டிருந்தது.